துறவி நத்தை நிரபராதி

மனித குலத்தின் மாபெரும் சாதனைகள் எவை என்று கேட்டால் நெருப்பு, சக்கரம் என்று தொடங்குகிறவர்கள் விவரம் போதாதவர்கள். நெருப்பு சுடும். சக்கரம் காலில் ஏறும். நத்தைகளை வகைப்படுத்தும் கலையோ உலகத்தில் ஒருவருக்கும் ஒரு சிராய்ப்புகூட உண்டாக்கியதில்லை. சிறு நன்னீர் நத்தைகள் வகைப்பாட்டு நிலையத்தின் இயக்குநர் இதை ஒவ்வொரு கூட்டத்திலும் எடுத்துச் சொல்வார். ஊழியர்கள் கைதட்டுவார்கள். கைதட்டி முடித்ததும் குனிந்து முழங்காலுக்குக் கீழே சொறிந்துகொள்வார்கள். நத்தை பிடிக்கக் குளத்தில் இறங்குவது அவர்கள்தான்.

இயக்குநர் குளத்தில் இறங்கியதில்லை. தலைமை என்றால் கரையில் நிற்பது என்பதை அவர் சின்ன வயதிலேயே புரிந்துகொண்டவர்.

குளம் நிலையத்தின் பின்புறத்திலேயே இருந்தது. அக்கரையில் ஊழியர் குடியிருப்பு. குடியிருப்புக்காரர்கள் அதில் துணி துவைத்தார்கள், குளித்தார்கள், வெயில் காலத்தில் பொழுதெல்லாம் அதிலேயே கிடந்தார்கள். நிலையத்து ஆய்வுக்கூடத்தின் சிங்குகளிலிருந்து போகிற குழாயும், யாருக்கும் தொந்தரவு இல்லாமல், அந்தக் குளத்தில் போய்த்தான் முடிந்தது.

அந்தக் குளத்து நத்தை மிளகளவு இருக்கும். பெயர் சேற்றுமணி. வலப்பக்கம் சுருண்ட பழுப்பு ஓடு, வாய்க்கு ஒரு வட்ட மூடி, அரம் மாதிரி நாக்கு, தலையில் இரண்டு கொம்பு. இதில் ஒரு சங்கடம் உண்டு. இந்த அளவு நத்தைகள் எல்லாமே பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். படைத்தவன் கையில் அன்றைக்கு ஒரே அச்சுதான் இருந்திருக்கிறது. ஆகவே எது எந்த இனம் என்று தெரியவேண்டுமானால் ஓட்டை உடைத்து, உள்ளே வலது கொம்புக்குப் பின்னால் இருக்கிற ஆணுறுப்பின் வடிவத்தைப் பார்க்கவேண்டும். சில இனங்களில் அது ஒற்றையாக இருக்கும், சிலவற்றில் கவட்டையாகப் பிரிந்திருக்கும். சேற்றுமணிக்குக் கவட்டை. நத்தை உலகத்தில் ஒருவனின் ஜாதகமே அந்த இடத்தில்தான் எழுதியிருக்கிறது.

இப்படிப்பட்ட முக்கியமான உறுப்பின் பெயரைக் கோப்புகளில் எழுதக்கூடாது என்று நிலையத்தில் ஒரு சுற்றறிக்கை இருந்தது. முன்பு ஒரு மேலதிகாரி கோப்பைப் புரட்டும்போது பக்கத்துக்குப் பக்கம் அந்தச் சொல்லைக் கண்டு முகம் சிவந்துவிட்டாராம். அன்றிலிருந்து அது 'மேற்படி உறுப்பு' ஆயிற்று. முதல் வரியிலேயே வந்தாலும் 'மேற்படி'தான்.

இயக்குநருக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் அவருக்கு இருந்தவை இரண்டே ஆசைகள். ஒரு புதிய நத்தை இனத்தைக் கண்டுபிடித்துப் பெயர் வைக்கவேண்டும். ஒரு புதிய நத்தை இனத்துக்குத் தன்னுடைய பெயர் வைக்கப்படவேண்டும். இரண்டையும் ஒரே நத்தையில் முடித்துக்கொள்ள முடியாது. தான் கண்டுபிடித்ததற்குத் தன் பெயரையே சூட்டிக்கொள்வதை நத்தை அறிஞர்கள் மகா கேவலமாக நினைப்பார்கள். சாலைக்கும் பாலத்துக்கும் சூட்டிக்கொள்கிறவர்கள் நத்தை அறிஞர்கள் அல்ல என்பதால் அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. இரண்டாவது ஆசைக்கு வேறு யாராவது மனம் வைக்கவேண்டும். இதுவரை யாரும் வைக்கவில்லை. இந்தக் குறை அவர் மனைவிக்குத் தெரியும், மகளுக்குத் தெரியும், வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவருக்கும் ஓரளவு தெரியும்.

முதல் ஆசை நிறைவேறிய காலை வேளையை நிலையத்தின் வரலாறு மறக்காது.

அறுவை உதவியாளர் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு நத்தை அறுத்துக்கொண்டிருந்தார். நிலையத்தில் எந்த நத்தையை அறுப்பது என்பதற்கு ஒரு முறை உண்டு. குளத்துச் சேற்றைச் சல்லடையில் அலசுவார்கள். சல்லடையில் நிற்பது நத்தை. கீழே விழுவது 'குஞ்சு'. குஞ்சை யாரும் அறுக்கமாட்டார்கள், கண் வலிக்கும். பெரிதாகப் பார்த்துப் பொறுக்கி அறுப்பதுதான் அங்கே அறிவியல்.

"சார், இதுலயும் இல்லை சார்" என்றார் உதவியாளர்.

"எது?"

"மேற்படி, சார்."

"நல்லாப் பாருய்யா. வலது கொம்புக்குப் பின்னாடி."

"பார்த்துட்டேன் சார். சின்னதா ஒரு மேடு இருக்கு. யாரோ வழிச்சு எடுத்துட்ட மாதிரி இருக்கு. காலையிலேர்ந்து அறுத்ததெல்லாம் இப்படித்தான்."

"பொம்பளை நத்தையா இருக்கும்."

"அதையும் பார்த்தேன் சார். பொம்பளைக்கு இருக்கவேண்டியதும் இல்லை. ஆனா ஓடு மட்டும் நல்லா வாட்டசாட்டமா இருக்கு."

இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்தார். சாதாரணமாக மதியச் சாப்பாட்டுக்குத்தான் அவர் எழுவார். "ஆணும் இல்லை. பொண்ணும் இல்லை. உருவம் பெரிசு" என்று சொல்லிக்கொண்டே அறையில் ஒரு சுற்று நடந்தார். "ஐயா, இது சேற்றுமணி இல்லைய்யா. இது வேற! உலகத்துல எங்கேயும் இல்லாதது. ஆசாபாசத்தை எல்லாம் விட்டுட்ட நத்தை. இதுக்குப் பேர்... துறவி!"

"சார், உள்ளே உச்சிச் சுருள்ல என்னவோ அரிசிக் குருணை மாதிரி நெளியுது சார்..."

"பார்க்காதே!" என்று கத்தினார் இயக்குநர்.

உதவியாளர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நிலையத்தின் விதிப்படி, நத்தைக்குள் நத்தையைத் தவிர வேறு எது தென்பட்டாலும் அது அடுத்த அறையில் இருக்கும் புழுப் பிரிவுக்குச் சொந்தம். நத்தைப் பிரிவினர் அதைப் பார்க்கக்கூடாது. தவறிப் பார்த்துவிட்டால் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளக்கூடாது. சரி, புழுப் பிரிவுக்கு அனுப்பலாமே என்றால் அதற்கும் வழியில்லை. இரண்டு பிரிவுக்கும் பொதுவாக ஒரு ஃபிரிட்ஜ் இருந்தது. ஒரு சமயம் இயக்குநரின் தயிர் டப்பாவுக்கு இடம் பண்ணுவதற்காகப் புழுப் பிரிவுத் தலைவியின் புழுக்களை எடுத்து யாரோ வெளியே வைத்துவிட்டார்கள். வெயிலில் அத்தனையும் செத்துப் போயின. அதிலிருந்து இரண்டு பிரிவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் இருந்த கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு பீரோவும் அந்தப் பக்கம் ஒரு பீரோவும் வைத்தாயிற்று. எனவே நெளிந்ததை உதவியாளர் கண்ணை மூடியபடியே சிங்கில் கழுவி ஊற்றினார். வழக்கமாக அப்படித்தான்.

"ஒரே ஒரு சந்தேகம் சார்" என்றார் அவர், கையைத் துடைத்துக்கொண்டு. "ஆணும் இல்லை பொண்ணும் இல்லைன்னா, இந்த இனம் எப்படி சார் பெருகும்?"

"அது அடுத்த திட்டம்" என்றார் இயக்குநர்.

வீட்டில் இந்தச் செய்தி சரியான வரவேற்புப் பெறவில்லை. விடுமுறை நாளாகப் பார்த்து மைத்துனர் வந்து உட்கார்ந்திருந்தார். இயக்குநரின் மனைவிக்குத் தம்பி. ஊருக்குச் சுகாதார ஆய்வாளர். அவர் கையில் ஓர் அரசாணை இருந்தது. சேற்றுமணி நத்தை புழு பரப்பும். சேற்றுமணி உள்ள குளத்தில் யாரையும் இறங்கவிடாமல் மூடி, தூர்வாரிச் சுத்தம் செய்யவேண்டும். சேற்றுமணிதானா என்று நத்தை நிலையம் சான்று தரவேண்டும். ஆணை இவ்வளவுதான்.

"அத்தான், குடியிருப்புல வீட்டுக்கு வீடு சொறி. இப்ப காய்ச்சலும் வர ஆரம்பிச்சிருக்கு. சின்னப் பசங்களுக்கு வயிறு வேற வீங்குது. உங்க குளத்துல இருக்கிறது சேற்றுமணிதானே? ஒரு வரி எழுதிக் குடுங்க. நாளைக்கே மூடிடறேன்."

"மாப்ளே, நீ கொஞ்சம் லேட்டா வந்துட்டே. நேத்து வரைக்கும் அது சேற்றுமணி. இப்ப துறவி."

"பேர் மாறினா சொறி நின்னுடுமா அத்தான்?"

"சொறி நிக்குமா நிக்காதாங்கிறது உன் இலாகா. நத்தை சேற்றுமணியா இல்லையாங்கிறது என் இலாகா. என் இலாகா சொல்லுது, இல்லை."

"பழைய சேற்றுமணி எல்லாம் எங்கே போச்சு?"

"எங்கேயும் போகலை. இருந்ததே இல்லை. நாங்கதான் இத்தனை வருஷமா தப்பா நினைச்சுட்டிருந்தோம். அறிவியல்னா அப்படித்தான், தன்னைத் தானே திருத்திக்கும்."

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, எந்தத் தம்பியாவது அக்கா புருஷன்கிட்ட வீடு கேட்பான், வேலை கேட்பான். இவன் ஒரு நத்தை கேட்கிறான். அதைக்கூடக் குடுக்க மாட்டீங்களா?"

"இது குடும்ப விஷயம் இல்லைம்மா. வகைப்பாடு."

அந்த நேரத்தில் மகள் குளத்திலிருந்து வந்தாள். கல்லூரியில் படிக்கிறாள். குடியிருப்புப் பெண்கள் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு நீச்சல் போட்டிக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தாள். அவர்களை அழைத்துக்கொண்டு போய்க் குளத்தில் இறக்கியதும் இவள்தான். ஈரத்தலை சொட்டச் சொட்ட நின்றபடி, ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டாள்.

"அப்பா, குளத்துல இறங்காதேன்னு மாமா பயமுறுத்துறாரு. நீங்க சொல்லுங்க. இறங்கலாமா, கூடாதா? என்னை நம்பி மத்த பொண்ணுங்களும் வர்றாங்க."

"தாராளமா இறங்கலாம்மா. அறிவியல்பூர்வமா இறங்கலாம்."

"அப்பா சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். மகள் இப்படிச் சொன்னதில் இயக்குநருக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. துறைச் செயலாளரே பாராட்டியிருந்தாலும் அவருக்கு இவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது. மைத்துனர் ஆணையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, காப்பியைப் பாதியில் விட்டு எழுந்தார்.

அதற்குப் பிறகு காரியங்கள் மளமளவென்று நடந்தன. உலகத்தில் ஒரே ஒரு குளத்தில் மட்டும் வாழ்கிற உயிரினம் என்றால் அதைக் காப்பாற்றவேண்டிய கடமை அரசுக்கு உண்டல்லவா? குளத்தங்கரையில் பலகை நட்டார்கள்: 'அரிய துறவி நத்தை வாழும் இடம். தூர்வாருவது, மருந்து தெளிப்பது, சுத்தம் செய்வது தண்டனைக்குரிய குற்றம்.' மனிதர்கள் இறங்குவதைப் பற்றிப் பலகையில் ஒன்றும் இல்லை. மனிதர்களால் நத்தைக்கு ஆபத்தில்லை என்று ஒரு குழு கூடி ஆராய்ந்து முடிவு செய்திருந்தது. நத்தையால் மனிதர்களுக்கு ஆபத்து உண்டா என்பது அந்தக் குழுவின் வரம்புக்குள் வரவில்லை. பிரகடன விழாவுக்குத் துறைச் செயலாளர் தேதி கொடுத்துவிட்டார். குளம் எவ்வளவு பத்திரமானது என்று காட்டுவதற்காக, குடியிருப்புப் பெண்களின் நீச்சலும் நிகழ்ச்சியில் சேர்க்கப்பட்டது. யோசனை இயக்குநருடையது.

விழாவுக்கு முந்தின நாள், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பீரோவை இழுக்கும் சத்தம் கேட்டது. நத்தைப் பிரிவே நடுங்கியது. கதவு தட்டப்பட்டது. இந்தப் பக்கத்துப் பீரோவை உதவியாளர் ஆளைக் கூப்பிட்டு நகர்த்தினார். கதவைத் திறந்தால், புழுப் பிரிவுத் தலைவி கையில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்துடன் நின்றுகொண்டிருந்தார். பல வருஷங்களாகப் புழுவையே காணாமல் வாடிப்போயிருந்த அவர் முகம் இன்று மலர்ந்திருந்தது.

"குழாய் அடைச்சுக்கிச்சு" என்றார். "நீங்க ஊத்தினதெல்லாம் என் சிங்க்ல எதுக்களிச்சு வந்துடுச்சு. என்ன வந்திருக்குன்னு வந்து பாருங்க."

"அது புழுன்னா நான் பார்க்கக்கூடாது. விதி இருக்கு."

"விதியை அந்தப் பீரோமேல வைங்க. பாருங்க சார்!"

இயக்குநர் பார்த்தார். மைக்ரோஸ்கோப்பின் வெளிச்ச வட்டத்துக்குள், வால் நுனி இரண்டாகப் பிளந்த குட்டிப் புழுக்கள் துள்ளித் துள்ளி நீந்திக்கொண்டிருந்தன.

"மனுஷத் தோல்ல நேரா நுழையுறது இதுதான்" என்றார் தலைவி. "நுழைஞ்ச இடத்துல சொறி, அப்புறம் காய்ச்சல், அப்புறம் ஈரலுக்கே போயிடும். இப்ப இதையும் பாருங்க. உங்க துறவி." ஓட்டை உடைத்த ஒரு நத்தையை அவர் வைத்தார். உச்சிச் சுருளில் ஈரலும் விதைப்பையும் இருக்கவேண்டிய இடம் முழுக்கப் புழு அடைந்திருந்தது. "உள்ளே இருக்கிறதை எல்லாம் புழு தின்னுடுச்சு. அதனாலதான் மேற்படி உறுப்பு தேஞ்சு போச்சு. இனம் பெருக்குற செலவு இல்லாததால நத்தை வீணா ஊதிப் பெருத்துப் போச்சு. கடைசியா இது. நீங்க சல்லடைக்குக் கீழே தள்ளின 'குஞ்சு'."

மிளகில் பாதி இருந்த அந்த நத்தையின் வலது கொம்புக்குப் பின்னால், பாடப் புத்தகத்துப் படம் மாதிரி, கவட்டையாகப் பிரிந்து மேற்படி உறுப்பு சௌக்கியமாக இருந்தது.

"இது குஞ்சு இல்லை சார். நோயில்லாத நத்தை. சுத்தமான சேற்றுமணி. நீங்க புது இனம் எதையும் கண்டுபிடிக்கலை. ஒரு சீக்காளிக்குப் பேர் வெச்சிருக்கீங்க."

இயக்குநர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அவருக்கு முதலில் மனதில் வந்தது மகளின் கால்தான். ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டு அவள் நின்றது கண்ணுக்குள் வந்தது. இரண்டு நாளாக அவளுக்கு உடம்பு சுடுகிறது. 'அப்பா சொன்னா சரிதான்' என்றாள். பெற்ற தகப்பனுக்கு வரவேண்டிய பயம் அவருக்கு உண்மையாகவே வந்தது. இதைக் குறிப்பாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் அடுத்து அவர் பேசியதைக் கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள்.

"மேடம், இந்தப் புழு... அரசாணையில இருக்கிற அதே புழுவா?"

"பார்த்தா அதே மாதிரிதான் தெரியுது."

"மாதிரிதானே? புது நத்தைக்குள்ளே இருக்கிற புழு எப்படிப் பழைய புழுவா இருக்க முடியும்?"

தலைவி குனிந்து கிண்ணத்தைப் பார்த்தார்.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல உங்களுக்குன்னு ஒரு புழு உண்டா?" என்று கேட்டார் இயக்குநர், மிகுந்த பரிவோடு. "நாளைக்குச் செயலாளர் வர்றார். ஒரே மேடை. துறவி நத்தை, துறவிப் புழு. நீங்களே பேர் வைங்க. ஃபிரிட்ஜ் முழுசையும் நீங்களே எடுத்துக்குங்க. நான் தயிரை விட்டுடறேன்."

தலைவி கெட்டவர் அல்ல. கதவைத் தட்டும்போது உண்மையைச் சொல்லத்தான் வந்தார். ஆனால் தனக்கென்று ஒரு புழு இல்லாமல் ஓய்வு பெறுவது என்ன வேதனை என்று, புழு வைத்திருப்பவர்களுக்குப் புரியாது.

"வால் கொஞ்சம் நீளமாத்தான் தெரியுது" என்றார் கடைசியில்.

"பார்த்தீங்களா!"

"புதுப் புழுதான்னு வெச்சுக்கலாம்."

"வெச்சுக்கலாம்." இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "இந்தப் புதுப் புழுவுக்கு மருந்து உண்டா? வீட்டுக்குத்தான் கேட்கிறேன்."

"பழைய மாத்திரையே கேட்கும்" என்று சொல்லி, இழுப்பறையிலிருந்து ஓர் அட்டை மாத்திரையை எடுத்துக் கொடுத்தார் தலைவி. இரண்டு பிரிவுகளுக்கும் நடுவே மீண்டும் நட்பு மலர்ந்தது. பீரோக்கள் பழைய இடத்துக்குத் திரும்பவேயில்லை.

விழா சிறப்பாக நடந்தது. செயலாளர் நத்தையைப் பார்த்தார், தெரியவில்லை. பூதக்கண்ணாடி கொடுத்தார்கள், தெரிந்த மாதிரி தலையாட்டினார். கேள்வி நேரத்தில் மைத்துனர் எழுந்து, "ஐயா, நத்தை எதுவா இருந்தாலும் அதுக்குள்ளே புழு இருக்கு, அது ஆளைப் பிடிக்குது" என்றார். புழுப் பிரிவுத் தலைவி எழுந்து, "ஆணையில் உள்ள புழு வேறு, இந்தப் புழு வேறு" என்று சான்றளித்தார். குடியிருப்பு மருந்தகத்து மருத்துவர் கையில் மைக் கொடுத்தார்கள். புதுப் புழு தருகிற சொறி புதுச் சொறியாகத்தான் இருக்கவேண்டும், அதற்கு மருந்தகத்தில் மருந்து வழங்க ஆணை கிடையாது என்று அவரும் தெளிவுபடுத்தினார். இப்படியாக ஒரே காலையில் நத்தை, புழு, சொறி மூன்றுமே நிரபராதிகள் என்று விடுவிக்கப்பட்டன. கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று.

அடுத்து நீச்சல். குடியிருப்புப் பெண்கள் வரிசையாகக் கரையில் நின்றார்கள். மகளும் தொப்பியை மாட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். இயக்குநர் மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தார். அவர் ஓடியதை நிலையத்தில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. மகளின் கையைப் பிடித்துத் தனியே இழுத்துப் போனார்.

"நீ இறங்காதேம்மா. உனக்குக் காய்ச்சல்."

"அவங்களுக்கும்தான்பா காய்ச்சல்."

"சொன்னதைக் கேளு."

விசில் ஊதினார்கள். மற்றப் பெண்கள் எல்லோரும் குதித்தார்கள். செயலாளர் கைதட்டினார். மகள் கரையிலேயே நின்று, தண்ணீரையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இயக்குநர் மகளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார்.

"சாப்பிட்டதும் போட்டுக்கோ. ரெண்டு நாள்ல சரியாயிடும். யார்கிட்டேயும் சொல்லாதே. அம்மாகிட்டே கூட."

மகள் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இது புழுவுக்குப் போடுற மாத்திரைப்பா. அட்டையிலேயே எழுதியிருக்கு." அவள் நிமிர்ந்தாள். "அப்போ மாமா சொன்னது உண்மைதானா?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா? எனக்கு நீ நல்லா இருக்கணும். அவ்வளவுதான்."

"இன்னைக்குக் குதிச்சாங்களே, அவங்களுக்கு மாத்திரை?"

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. அதுக்கப்புறம் யாராவது ஒரு நல்ல ஆய்வாளர் வந்து எல்லாத்தையும் திருத்திடுவாங்க. அறிவியல் தன்னைத் தானே..."

"நான்தான்பா அவங்களைக் கூட்டிட்டுப் போய் இறக்கினேன். அப்பா சொன்னா சரின்னு சொல்லி." அவள் குரல் உடைந்தது. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அந்த நத்தையோட லட்சணத்தை ஒரு தடவை சொல்லுங்கப்பா" என்றாள்.

நத்தை என்று கேட்டதும் அந்த நிலையிலும் அவர் முகம் தெளிந்தது. "ஓடு மத்ததைவிடப் பெரிசு. பார்த்தா நல்லா வாட்டசாட்டமா இருக்கும்."

"உள்ளே?"

"உள்ளே... ஒண்ணும் இருக்காது. இருக்கவேண்டியது எல்லாம் அரிச்சுப் போயிருக்கும்."

"ஆபத்து வந்தா என்ன பண்ணும்?"

"உள்ளே போய் மூடியைச் சாத்திக்கும்."

"பக்கத்துல இருக்கிற மத்ததெல்லாம்?"

"அது அதோட பாடும்மா."

மகள் மாத்திரை அட்டையைத் துண்டுக்குள் வைத்துச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டாள். "நான் மாமா வீட்டுக்குப் போறேன். இந்த அட்டையைக் காட்டுறேன். ஆணை இருக்கோ இல்லையோ, அவர் குளத்தை மூடுவாரு." வாசல் வரைக்கும் போனவள் திரும்பினாள்.

"ஒரு நத்தைக்கு உங்க பேரை யாராவது வைக்கணும்னு ரொம்ப நாளா ஆசைப்பட்டீங்களேப்பா. இதுக்கு வைக்கலாம். நான் வைக்கிறேன்."

அவள் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது. சமையலறையிலிருந்து மனைவி, "என்னங்க, என்ன சொல்லிட்டுப் போறா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

இயக்குநர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.